மூதூர்ப் பெண்ணும் தோணிக் கரடியும்

கடல் தாண்டி மூதூருக்கு லோஞ்சுப் படகு ஓட்டுகிற ஆளுக்கு அந்தக் கரையிலும் ஒரு வீடு இருக்கும் என்று திருகோணமலையில் ஒரு நம்பிக்கை உண்டு. சும்மா வந்த நம்பிக்கை இல்லை. ஸெய்னுதீனுக்கு முன்னால் அந்தச் சுக்கானைப் பிடித்தவர் இறந்தபோது, அவருடைய மையத்துக்கு இரண்டு கரையிலிருந்தும் இரண்டு பெண்கள் வந்து, வாசலில் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். ஆகவே ஸெய்னுதீன் சுக்கானில் கை வைத்த அன்றைக்கே ஊர் அவருக்கு மூதூரில் ஒரு பெண்ணைக் கட்டிவைத்துவிட்டது. அவளுடைய பெயர்தான் தெரியாமல் இருந்தது.

என் தேத்தண்ணிக்கடை ஜெட்டி வாசலில் இருக்கிறது. லோஞ்சுக்குக் காத்திருக்கிறவர்கள் என் வாங்கில்தான் குந்த வேண்டும், வேறு இடமில்லை. ஊர்க்கதை தேடி நான் எங்கும் போவதில்லை. அது தானாக வந்து, சீனி கூடப் போடச் சொல்லிக் குடித்துவிட்டுப் போகும்.

ஸெய்னுதீன் ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, வாய் திறக்காத மனிதர். வாய் திறக்காத மனிதரை ஊர் சும்மா விடுமா? மனைவி ஸுல்பிகா. அவர்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு ட்றங்குப் பெட்டியோடு வந்து ஏறுவார். சரிவராவிட்டால் அதே பெட்டியோடு இறங்குவார். ஸுல்பிகாவின் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அவளுடைய மூத்த சகோதரன் ஸஹாப்தீன், டவுனில் பிடவைக்கடை முதலாளி. கலியாணம் முடித்து இத்தனை வருடமாகியும் பிள்ளை இல்லை. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஸெய்னுதீன் மூதூருக்குப் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள்.

எண்பத்திரண்டாம் ஆண்டு, ரீவி என்ற தொலைக்காட்சிப் பெட்டி இந்தப் பக்கத்துக்கும் வந்துசேர்ந்த காலம். மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலொன்றின் ஆட்கள் என் கடைக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு மஞ்சள் தலைக்காரனோடு ஸெய்னுதீன் மூலையில் நின்று கையாலும் கண்ணாலும் பேரம் பேசியதைக் கண்டேன். ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழமும் ஒரு பெரிய சங்கும் அங்கே போயின. ஒரு கடதாசிப் பொட்டலம் இங்கே வந்தது. தேத்தண்ணி கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்னஞ்சிறு சேட்டு. நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு அளவாக இருக்கும்.

"ஆருக்கு நானா?" என்று, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒருத்தருக்குமில்ல" என்றார்.

'மருமகனுக்கு' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அப்போதே மறந்திருப்பேன். 'ஒருத்தருக்குமில்ல' என்ற சொல்லை எப்படி மறப்பது?

அதற்குப் பிறகு சாக்குக் கதை வந்தது. சனிக்கிழமைகளில் மூதூர்ச் சந்தைக்குப் போகிற யாவாரிகளை ஏற்றிவர கடைசி லோஞ்சு அங்கே கொஞ்சம் தாமதிக்கும். அந்த இடைவெளியில் ஸெய்னுதீன் சாக்கில் சுற்றிய ஏதோ ஒரு பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு துறைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கைக்குள் போகிறார் என்று கோழி யாவாரி சொன்னான். அரிசி என்றான் அவன். மா என்றார் கருவாட்டுக்காரர். அந்த ஒழுங்கையில் நபீஸா என்று ஒரு விதவை இருக்கிறாள் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஊருக்குப் பெயரும் கிடைத்துவிட்டது.

மாரி தொடங்கிய நேரம் ஸெய்னுதீனுக்குக் காய்ச்சல் வந்து படுத்தார். குளிர் நடுக்கத்துக்குப் போர்வை எடுக்க ஸுல்பிகா அவருடைய இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து ட்றங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். என்ன கண்டாள் என்பதை எனக்குச் சொன்னவர் ஸஹாப்தீன். என் கடையில் ஒரு நாளும் வாய் நனைக்காத மனிதர் வந்து வாங்கில் இருந்து, "குலசிங்கம், ஒரு பிளேன்ரீ" என்றபோதே நான் அடுப்பைத் தணித்துவிட்டேன்.

"சின்னச் சேட்டு இரிக்கி. பிள்ளைக்குச் சோறு தீத்தக்குள்ள கழுத்துல கட்டுற துணி இரிக்கி. விரலளவு காலுறை, பால் குடிக்கிற கோப்பை, பல்லு விளக்குற குட்டி பிறஸ். எல்லாத்திலயும் ஒரு கரடி."

"கரடியோ?"

"தொப்பி போட்ட கரடி. பிள்ளைக்குக் கரடியில ஆசை போல."

"தங்கச்சி என்ன சொல்லுறா, முதலாளி?"

"ஒண்டும் செல்றாள் இல்ல. அந்தச் சேட்டை எடுத்துப் பாத்திட்டு, திரும்ப மடிச்சு வச்சிரிக்காள். மடிச்ச விதத்தைக் கண்டனான். அதுதான் எனக்குப் பயமாயிரிக்கி." கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார். "நீயும் வா. ரெண்டு கண்ணை விட நாலு கண் நல்லம்."

அடுத்த சனிக்கிழமை நானும் அவரும் லோஞ்சில் ஏறினோம். ஒளிந்து போகிற மனிதர் மாதிரி அவர் குடையை விரித்து முகத்துக்கு மறைப்பாகப் பிடித்திருந்தார். அந்த லோஞ்சுக்குக் கூரை இருந்தது. கூரைக்குக் கீழே குடை பிடித்தவரை ஸெய்னுதீன் பார்க்காமல் விடுவாரா?

"மச்சான், மூதூருக்கா?"

"சந்தைக்கு."

"சந்தை முடியிற நேரமே."

"முடியிற நேரந்தான் மலிவு."

ஸெய்னுதீன் அதற்கு மேல் கேட்கவில்லை. களவு இருக்கிறவன் என்றால் அன்றைக்கு அந்த ஒழுங்கைப் பக்கமே போகமாட்டான். இவரோ லோஞ்சைக் கட்டியதும் எஞ்சின் பலகைக்குக் கீழே குனிந்து சாக்கை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நேரே நடந்தார். "எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தியா" என்றார் ஸஹாப்தீன்.

நாங்கள் பின்னால் போய் ஒரு கிடுகுவேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். முற்றத்தில் ஒரு கமுகமரத்தை நட்டு, அதன் தலையில் கம்பி கட்டியிருந்தார்கள்.

"ரீவியும் வாங்கிக் குடுத்திரிக்கான்" என்றார் ஸஹாப்தீன்.

அதற்குள் "வந்திட்டாங்க, வந்திட்டாங்க" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அதில் ஆகச் சின்னது அவருடைய சாரத்தைப் பிடித்துத் தொங்கியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. கதவு திறந்தது. ஆளின் முகம் தெரியவில்லை, குரல்தான் வந்தது.

"இண்டைக்கு இவ்வளவு நேரம் சுணங்கிட்டீங்களே."

ஸஹாப்தீன் குடையை மடக்கினார். "காணும், இவ்வளவும் போதும். வா."

"கொஞ்சம் உள்ளுக்குப் போய்ப் பாப்பம், முதலாளி. சும்மா குரலை மட்டும் வச்சு..."

"சுணங்கிட்டீங்க எண்டு கேக்கிற பொம்பிளைக்கு உரிமை இரிக்கி. உள்ள போய் நான் என்னத்தைப் பாக்கிற? என்ட தங்கச்சிட மானத்தையா?"

நான் இன்னும் இரண்டு அடி வைத்திருப்பேன். அவர் என் சேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஸுல்பிகா வீட்டில் விசாரணை. சாட்சி என்று எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள். ஹோலின் நடுவில் ட்றங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார் ஸஹாப்தீன். குசினி வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் ஸுல்பிகா நிற்பது கால் விரல்களில் தெரிந்தது. ஸெய்னுதீன் பெட்டியைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். அதோடு வீட்டை விட்டு இறங்க வேண்டியதுதான் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"மச்சான், நான் கத்த வரல்ல" என்று தொடங்கினார் ஸஹாப்தீன். "ரெண்டாவது முடிக்க மார்க்கத்தில இடமிரிக்கி. ஒளிச்சுச் செஞ்சதுதான் பிழை. மூதூர்ல ஆரு?"

"ஒருத்தருமில்ல."

"அப்ப இந்தச் சாமான்?"

"என்ட."

"இந்தக் காலுறை உங்கட காலுக்கா?"

நான் சிரிப்பை இருமலாக்கினேன். ஸெய்னுதீன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரீவியில ஒரு கரடி வருது. கீறின படம், கார்ட்டூன் எண்டு செல்றது. தோணி ஓட்டுற கரடி. சனிக்கிழமை, லோஞ்சு மூதூர்ல நிக்கிற நேரம் காட்டுறாங்க. அதைப் பாக்கப் போறனான். அந்தக் கரடிப் படம் போட்ட சாமான் கப்பல்காரங்களிட்ட கண்டா வாங்குவன். அவங்கட நாட்டுல பிள்ளைகளுக்கு மட்டுந்தான் அந்தப் படம் போட்டுச் செய்யிறாங்க."

சுக்கான் பிடித்துக் காய்த்த கைகளும் நரைத்த தாடியுமாக இருக்கிற ஒருவர் கீறின கரடியைப் பார்க்கக் கடல் தாண்டிப் போகிறார் என்றால் யார் நம்புவார்? நான் நம்பவில்லை. எத்தனையோ பொய்களைக் கடையில் வைத்துக் கேட்டவன் நான். இவ்வளவு கெட்டித்தனம் இல்லாத பொய்யை அதுவரைக்கும் கேட்டதில்லை.

"சாக்குல என்ன?" என்றார் ஸஹாப்தீன்.

"பற்றறி. அங்க கரண்டு இல்ல. பற்றறியிலதான் ரீவி ஓடுது. லோஞ்சு எஞ்சினில சார்ஜ் ஏத்திக் குடுப்பன். லோஞ்சு முதலாளி கண்டா ஏசுவார் எண்டுதான் சாக்குல சுத்திறது."

"எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி வச்சிரிக்கான்" என்று ஸஹாப்தீன் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, கடையில் பிடவை காட்டுகிற மாதிரி விரித்து வைத்தார். "இஞ்ச பாருங்க மச்சான். ஒரு பொம்பிளை எண்டா அதுக்கு ஒரு வழியிரிக்கி. நாலு பேருக்கு முன்னால விட்டுட்டன் எண்டு செல்லுங்க. தங்கச்சி பொறுப்பாள். பெட்டி திரும்ப அறைக்குப் போகும். கரடி எண்டு நிண்டா நான் என்னத்தைத் தீக்கிற? கரடியைத் தலாக் செல்லச் செல்றதா?"

ஸெய்னுதீன் களைத்துப்போயிருந்தார். காய்ச்சல் விட்டுக் கொஞ்ச நாள்தான். ஒரு பெருமூச்சு விட்டு, "சரி. ஒருத்தி இரிக்காள் எண்டு வைங்க. விட்டுட்டன். போதுமா?" என்றார்.

ஸஹாப்தீனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். பேரைச் செல்லுங்க."

"பேரென்னத்துக்கு?"

"பேரில்லாம எப்படி விடுற?"

அங்கே இருந்த எல்லாருடைய வாயிலும் ஒரே பெயர்தான் இருந்தது. ஸெய்னுதீன் அதைச் சொன்னால் இந்த வீட்டில் அவருக்கு இடமுண்டு. என் காதும் அதற்காகத்தான் நீண்டிருந்தது.

"ஏலாது" என்றார். "வயசுபோன ஒரு விதவைட பேரைக் கெடுத்துப்போட்டு நான் இஞ்ச இரிந்து சோறு தின்ன ஏலாது. பொம்பிளை ஒருத்தருமில்ல. கரடிதான்."

"அப்ப பெட்டியை எடுங்க" என்றார் ஸஹாப்தீன்.

ஸெய்னுதீன் எழுந்து பெட்டியின் பிடியில் கை வைத்தார். அப்போது குசினிச் சீலை விலகியது. ஸுல்பிகா வந்து பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அந்தக் கரடி என்ன செய்யும்?"

"தோணி ஓட்டும்."

"ஆரை ஏத்தும்?"

"ஒரு ஆடு, ரெண்டு கோழி, தாராக் குடும்பம் ஒண்டு. சில நாளைக்கு ஆமையும் வரும்."

"போன சனி என்ன நடந்த?"

ஸெய்னுதீன் சொல்லத் தொடங்கினார். கரடி நடு ஆற்றில் போகும்போது தோணியில் ஓட்டை. ஆடு தன் தாடியை உள்ளே விட்டு அடைக்கிறது. கோழி, கரடியின் தொப்பிக்குள் முட்டை போட்டுவிடுகிறது. அந்த நேரம் பெரிய கப்பலொன்று வர, கரடி மரியாதைக்குத் தொப்பியைத் தூக்குகிறது. சொல்லச் சொல்ல அவருடைய கை தானாகத் தொப்பியைத் தூக்கியது, மற்றக் கை சுக்கானைத் தேடியது. முட்டை மூக்கில் வழிகிற இடத்தில் முகத்தை அவர் வைத்திருந்த விதம், ஜும்ஆவுக்குப் போய் வந்த வெள்ளைத் தொப்பிக்குக் கீழே பார்க்கக் கூடாத முகம்.

ஸுல்பிகா சிரிக்கவில்லை. "கறுப்புக் கோழி முட்டை போட்டதுக்குப் பிறகு ஆடு என்ன செஞ்ச?"

"கறுப்பில்ல. வெள்ளைக் கோழி."

"கறுப்பு எண்டு முதல்ல செல்லினீங்க."

"நான் நிறமே செல்லல்ல. கறுப்புக் கோழி முட்டை போடாது. அது பயந்த கோழி."

கோட்டில் அப்புக்காத்துமார் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டு நான் கண்டிருக்கிறேன். அங்கே சாட்சிக்காரன் கோழியின் குணநலத்தில் இவ்வளவு உறுதியாக நின்றதில்லை.

"அக்கரைக்குப் போய்ச் சேந்ததா?" என்று கேட்டாள்.

"இல்ல. அவன் ஒருநாளும் போய்ச் சேரமாட்டான். எண்டாலும் அடுத்த கிழமை அதே ஆடும் அதே கோழியும் அவன்ட தோணியிலதான் வந்து ஏறும். அதைத்தான் நான் பாக்கப் போற."

ஸுல்பிகா பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்த அந்தச் சின்னச் சேட்டை எடுத்தாள். "இதை ஏன் ஒளிச்சீங்க? உருவப் படம் ஹறாம் எண்டு நானா ஏசுவார் எண்டா?"

"அவர் ஏசுவார்தான்." ஸெய்னுதீன் அவளைப் பார்க்காமல் சொன்னார். "இந்தச் சேட்டை நீங்க இந்த வீட்டுல காணக்கூடாது எண்டு நினைச்சன்."

நான் எழுந்து போய் வாசலில் நின்று வீதியைப் பார்த்தேன். வீதியில் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஸுல்பிகாவின் குரல் கேட்டது.

"நாளைக்குச் சனி. நான் வாறன்."

ஸஹாப்தீன் வரவில்லை. படம் காட்டுகிற வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றார். தன் பங்குக்கு என்னை அனுப்பினார். நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

லோஞ்சில் ஸுல்பிகா பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு இருந்தாள். கடலைப் பார்க்கவில்லை. புருசனின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூதூரில் அவர் சாக்கைத் தூக்கியதும், "அவிழுங்க" என்றாள். அவிழ்த்தார். பற்றறிதான். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பற்றறியை ஆரும் கொண்டு போகலாம்" என்றாள்.

நபீஸா கதவைத் திறந்தாள். நாங்கள் எதிர்பார்த்ததை விட வயதான பெண். வெற்றிலைக் காவி ஏறிய பல். மகன் சவூதியிலிருந்து அனுப்பிய ரீவி ஜன்னலில் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. அதற்கு முன்னால் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் பாயில். நபீஸா ஸுல்பிகாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்க ஆரு?"

"என்ட வீட்டுக்காறி" என்றார் ஸெய்னுதீன்.

"வீட்டுக்காறி இரிக்காவா? நாங்க ஒருத்தரும் இல்லாத மனிசன் எண்டல்லவா நினைச்ச."

ஸுல்பிகாவின் கண் சுருங்கியது. "இல்லையெண்டு செல்லினாரா?"

"இவர் என்னத்தைச் செல்லின? வருவார், பற்றறியைப் பூட்டுவார், பாத்திட்டுப் போவார். எனக்கே சந்தேகந்தான். இப்படி ஒரு மனிசன் சும்மா வருவானா எண்டு."

"எனக்கும் அதுதான்" என்றாள் ஸுல்பிகா. இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

படம் தொடங்கியது. என்ன பாஷையோ தெரியாது. ஆனால் தொப்பி போட்ட கரடி வந்தது. ஆடு வந்தது, தாடியோடு. வெள்ளைக் கோழி வந்தது. கறுப்புக் கோழி தோணியைக் கண்டதும் ஆட்டுக்குப் பின்னால் ஒளிந்தது. ஸுல்பிகா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், சாமான் சரிபார்க்கிறவள் மாதிரி. கரடி கரையை அடைந்துவிட்டது என்று கயிற்றைக் கட்டுகிறது. கட்டிய குற்றி ஒரு பெரிய மீனின் மூக்கு. மீன் தோணியை இழுத்துக்கொண்டு போகிறது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பழைய எஞ்சின் பிடிக்கிற மாதிரி, முதலில் இரண்டு தட்டு, பிறகு விடாமல். ஸெய்னுதீன் சிரித்தார். சின்னதொன்று மடியில் இருந்தபடி அவரோடு சேர்ந்து குலுங்கியது. இத்தனை வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். ஸுல்பிகா கண்டதும் அன்றுதான் என்று நினைக்கிறேன். அவள் ரீவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பை இவ்வளவு காலமும் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்கிற பார்வை.

திரும்பி வரும்போது அவள் பெண்கள் பக்கம் போகவில்லை. சுக்கானுக்குப் பக்கத்துப் பெட்டியில் இருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கிட்டப் போய் இருக்கத்தான் பார்த்தேன். அந்தப் பெட்டியில் ஒரு ஆளுக்குத்தான் இடம்.

ஜெட்டியில் ஸஹாப்தீன் நின்றார்.

"என்ன தங்கச்சி? கண்டியா?"

"கண்டன் நானா."

"பொம்பிளை இரிக்காளா?"

"இரிக்கா."

"பிள்ளை?"

"ஒரு பாய் நிறைய இரிக்கி."

"அப்ப நான் செல்லினது சரி. பெட்டியை எடுத்து வெளியில..."

"பெட்டி அறையில இரிக்கட்டும் நானா" என்றாள் ஸுல்பிகா. "ஒரு நாளைப் பாத்து ஒண்டையும் முடிவு கட்ட ஏலாது. அந்தக் கறுப்புக் கோழியில எனக்கு ஒரு சந்தேகமிரிக்கி. வாற சனியும் போய்ப் பாக்கோணும்."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். ஸெய்னுதீன் லோஞ்சுக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பின்னால் போனார். ஸஹாப்தீன் இரண்டு பேருடைய முதுகையும் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்.

"குலசிங்கம், இவங்க ரெண்டு பேரும் சேந்து என்னை ஏமாத்துறாங்களா?"

"அப்படித்தான் எனக்கும் படுது, முதலாளி" என்றேன். "எதுக்கும் வாற கிழமையும் நான் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுறன்."